அந்தச் சிறுத்தை வரவே இல்லை

கொழுக்குமலைக்கு நாங்கள் ஜீப்பில் போன கதையை என் சிநேகிதன் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஆரம்பத்தில் அதில் மழை மட்டும்தான் பெய்தது. அவன் தங்கை கல்யாணத்தில் மண் சரிந்தது. யாருடைய காதுகுத்திலோ யானை குறுக்கே வந்து நின்றது. போன தை மாதம் ஒரு புதுமனை புகுவிழாப் பந்தியில், எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்துகொண்டே, பானெட் மேல் சிறுத்தை ஏறிப் படுத்ததாகச் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, அப்பளத்தைப் பார்த்தான். விட்டால் அடுத்த விசேஷத்தில் அந்தச் சிறுத்தைக்குக் காலில் கட்டுப்போட்டு அனுப்பியிருப்பான். மருந்துக்கடைக்காரன், செய்யக்கூடியவன்தான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைத்துவிடுகிறேன்.

அவனை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஜீப்பே புளுகில் பிறந்த வண்டி. 1940இல் ஹிட்லர் பிரான்ஸைப் பிடித்த கையோடு அமெரிக்க ராணுவம் விழித்துக்கொண்டு, நாலு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டி ஒன்று வேண்டும் என்று 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டது. மாதிரி வண்டிக்குக் கெடு 49 நாள். எடை 1,300 பவுண்டைத் தாண்டக் கூடாது. பெரும்பாலான கம்பெனிகள் கடிதத்தைப் படித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டன. துணிந்து இறங்கியது பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் திவாலாகும் நிலையில் இருந்த பாண்டம் என்ற குட்டிக் கம்பெனி. வண்டி வரைய அவர்களிடம் ஆள் கிடையாது. கார்ல் புராப்ஸ்ட் என்ற எஞ்சினியரைச் சம்பளம் பேசாமல் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். மனுஷன் ரெண்டே நாளில் வரைந்து கொடுத்துவிட்டார். நம்மூரில் மாட்டுக்கொட்டகைக்குப் பிளான் போடவே அதைவிட நாளாகும்.

வரைந்த வண்டியைக் கணக்குப் போட்டால் எடை எப்படியும் 1,300க்குள் அடங்கவில்லை. டெண்டர் தாளில் 1,273 பவுண்டு என்று டைப் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். செப்டம்பர் 23, மாலை ஐந்து மணிக் கெடுவுக்கு அரை மணி நேரம் பாக்கி இருக்கும்போது வண்டி ராணுவ முகாமுக்குள் நுழைந்தது. எடை ஏறத்தாழ 2,000 பவுண்டு. ராணுவம் வண்டியை ஓட்டிப் பார்த்தது, பிடித்துப் போனது, விதியை மாற்றிக்கொண்டது. அதோடு நிற்காமல் பாண்டமின் வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் எடுத்துக் கொடுத்தது. போர் முடிவதற்குள் அந்த இரண்டு கம்பெனிகளும் ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப் செய்து தள்ளின. பெற்றெடுத்த பாண்டம் செய்தது மூவாயிரத்துக்கும் குறைவு. மிச்சப் போரை ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லர் செய்து கழித்தது.

வில்லிஸ்காரர்களுக்கும் எடைத் தலைவலி இருந்தது. திருத்திய கணக்கான 2,160 பவுண்டையும் அவர்கள் வண்டி தாண்டிவிட்டது. எஞ்சினில் கைவைக்க விட மாட்டேன் என்று அடம்பிடித்த தலைமை எஞ்சினியர் பார்னி ரூஸ், வண்டியை நட்டு போல்ட் வரை கழற்றி, நீளமாக இருந்த போல்ட்டுகளின் நுனியை வெட்டிப் போட்டார். கடைசியில், ரெண்டாவது கோட்டு பெயின்ட் அடித்தால் எடை கூடிவிடும் என்று ஒரே கோட்டோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பார்கள்.

இந்தியாவில் அந்த ஜீப்பைப் பூட்டி விற்ற கம்பெனி 1945இல் இரும்பு வியாபாரத்துக்காகத் தொடங்கியது. அப்போது பெயர் மஹிந்திரா அண்ட் முகமது. அந்த முகமது, அதாவது குலாம் முகமது, பிரிவினையில் பாகிஸ்தான் போய் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சராகி, அப்புறம் கவர்னர் ஜெனரலாகவும் ஆகி, 1954இல் அங்கே அரசியல் நிர்ணய சபையையே கலைத்துவிட்டார். இங்கே இருந்திருந்தால் பேசாமல் ஜீப் விற்றுக்கொண்டிருந்திருப்பார். ரெண்டு நாட்டுக்கும் நல்லது.

இவ்வளவையும் எனக்குச் சொல்லித்தந்தது சிநேகிதன்தான். தேனியில் மருந்துக்கடைக்குள் நின்று, இருமலோடு வந்தவர்களுக்கும் இதைச் சொல்வான். அவர்கள் சிரப்பை வாங்கிக்கொண்டு போகிற வரைக்கும் பொறுமையாகக் கேட்பார்கள். அவனுடைய ஜீப் ஒரு மிலிட்டரிக்காரரிடம் வாங்கியது. ஆர்.சி. புத்தகத்தில் ஒரு நிறம், கதவில் ஒரு நிறம். பிறவி பெட்ரோல் எஞ்சினை யாரோ எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்திருந்தார்கள். ஸ்டார்ட் செய்தால் கடையில் அடுக்கியிருந்த மாத்திரை டப்பாக்கள் அலமாரி விளிம்புக்கு நகர்ந்து வரும்.

வாங்கின நாளிலிருந்து அதற்கு நகை பூட்டத் தொடங்கினான். முன்பக்கம் வின்ச், அதற்குக் கனத்த இரும்புக்கயிறு. மேலே வரிசையாக விளக்கு. ஆளுயர ஜாக்கி. மண்வெட்டி. ஆற்றில் இறங்கினால் எஞ்சின் மூச்சுவிட, கண்ணாடி ஓரமாக மேலே போகிற ஒரு குழாய். வைகையில் தண்ணீர் வருகிற செய்தி பத்திரிகையில் படத்தோடு வருகிற ஊர் எங்கள் ஊர். அந்தக் குழாயில் குருவி கூடு கட்டியது. முதலுதவிப் பெட்டி மட்டும் மாதாமாதம் நிரம்பிக்கொண்டே இருந்தது, கடையில் தேதி முடியப்போகிற சரக்கெல்லாம் அதற்குள் போய்விடும்.

அவன் முதல் கனவு கொழுக்குமலை இல்லை. எஸ்கேப் ரோடு. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக, வந்தரவு மலையைத் தொட்டு, டாப் ஸ்டேஷன் பக்கம் இறங்கி மூணாறு போகும் பழைய மலைச்சாலை. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா என்று வரிசையாகக் குண்டு போட்டதும் சென்னை பாதி காலியானது. கூண்டு உடைந்து ஊருக்குள் புகுந்துவிடும் என்று மிருகக்காட்சிசாலைச் சிங்கம் புலிகளையே சுட்டுக் கொன்றார்கள். குண்டுக்குப் பயந்து சிங்கத்தைச் சுடுவது எந்த ராணுவ சாஸ்திரம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தப் பீதியில்தான் இந்த மலைப்பாதையைச் சீர்செய்தார்கள். ஜப்பான்காரன் கரையிறங்கினால் மலை ஏறி, மறுபக்கம் இறங்கி, கொச்சிக்குப் போய்த் தப்பித்துவிடலாம் என்று ஏற்பாடு. ஜப்பான்காரன் கரையிறங்கவில்லை. சாலை மட்டும் மிஞ்சியது. 1990இல் காட்டுக்காக அதையும் மூடிவிட்டார்கள். அங்கேயிருக்கும் சோலைக்காட்டையும் காட்டெருமைக் கூட்டத்தையும் பார்த்தவன் என்ற முறையில், மூடினதே சரி என்பது என் கட்சி.

அவன் கட்சி வேறு. பேரிஜம் போகிற வழியில் வனத்துறை கேட்டில் வண்டியை நிறுத்தி, காவலரிடம் ரெண்டாம் உலகப்போரை ஆதியோடந்தமாக விளக்கினான். அவர் பீடியை அணைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி சார். ஜப்பான்காரன் வந்தா நீங்களே வந்து சொல்லுங்க, திறந்துவிடுறேன்."

இப்படித்தான் கொழுக்குமலை முடிவானது.

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது, போடி வட்டம். ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் போடிமெட்டு ஏறி, கேரளாவுக்குள் புகுந்து, சூரியநெல்லி போய், அங்கிருந்து மறுபடி தமிழ்நாட்டுக்குள் ஏற வேண்டும். நம் வீட்டு மொட்டைமாடிக்குப் பக்கத்து வீட்டு மாடிப்படியில் ஏறிப் போகிற கதை. ஏறத்தாழ 7,900 அடி உயரத்தில் தேயிலைத் தோட்டமும், 1930களில் எழுப்பிய ஒரு தொழிற்சாலையும் இருக்கின்றன. கேரளாப் பக்கம் ஜீப் பாதை வருவதற்கு முன்னால் தேயிலை இறங்கியதும் அரிசி ஏறியதும் ஆள் தலையில்தான், குரங்கணி, கோட்டகுடிப் பக்கமாக.

வெள்ளைக்காரன் அந்த மலையில் சாமான் ஏற்றி இறக்கச் செய்த கூத்துகளைத் தனிப் புராணமாகவே பாடலாம். 1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளத்தில் ரயில் விட்டான். பாரம் தண்டவாளத்தில் ஓடும் சக்கரத்தில், சாய்ந்து விழாமல் இருக்கத் தரையில் உருளும் பெரிய சக்கரம் இன்னொன்று. எல்லாம் நவீனம். இழுத்தது மாடு. 1908இல் மாட்டுக்கு ஓய்வு கொடுத்து ரெண்டடி அகலத்தில் நிஜமான ரயில் போட்டான். டாப் ஸ்டேஷனுக்கு வந்த தேயிலைப் பெட்டிகள் கயிற்றுப்பாதையில் தொங்கிக்கொண்டு கோட்டகுடிக்கு இறங்கும். 1924 ஜூலை வெள்ளம் அந்த ரயில் பாதையைச் சுருட்டிக்கொண்டு போனது, மறுபடி போடவே இல்லை. பெயர்களை மட்டும் வெள்ளத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மேலே டாப் ஸ்டேஷன், நடுக்காட்டில் சென்ட்ரல். அந்த சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ தேடினால் கரடிதான் கிடைக்கும்.

நாங்கள் கிளம்பியது விடிவதற்கு ரொம்ப முன்னால். போடியில் அந்த நேரத்தில் ஊரே ஜீப்பாக நிற்கும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் மலையேறி, சாயங்காலம் திரும்புகிற ஜீப்புகள். அதில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு ஆர்.சி. புத்தகத்தில் ஒரு விடை, ஓட்டுநரிடம் ஒரு விடை. தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, மடியில் வெற்றிலைப் பையோடு பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து ஏறும்போதே தூங்கிவிடுவார்கள். என் சிநேகிதன் எண்ணிக்கை தெரியாத அளவு பாக்கெட் வைத்த சட்டை போட்டு, கையுறை மாட்டி, திசைகாட்டியை என்னிடம் கொடுத்தான்.

"மாப்ள, நீதான் நேவிகேட்டர்."

போடிமெட்டுக்கு ஒரே ரோடு. கொண்டை ஊசி வளைவு பதினேழு, வழி தவற ஒரு வாய்ப்பும் இல்லை. நான் திசைகாட்டியைப் பார்த்து, "மேல போ" என்றேன். எங்களை முந்திக்கொண்டு போன ஏலத்தோட்ட ஜீப்புகளில் ஒருவரும் கண்விழிக்கவில்லை.

சூரியநெல்லியில் டீ குடிக்கும்போது, கொழுக்குமலைக்குச் சவாரி அடிக்கிற ஜீப் ஓட்டுநர் ஒருவர், நல்ல வயசாளி, எங்கள் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். வின்ச்சைத் தொட்டார். குழாயை அண்ணாந்து பார்த்தார்.

"ஃப்ரண்ட் எடுக்குமா தம்பி?"

சிநேகிதனுக்கு அது தன்மானப் பிரச்சினை ஆகிவிட்டது. பதிலுக்கு புராப்ஸ்ட்டில் ஆரம்பித்தான். அவர் பாதியில் கிளாஸை வைத்துவிட்டு, "சரி சரி, முன்னால போங்க. நான் அரிசி ஏத்திட்டுப் பின்னால வரேன்" என்றார்.

தேயிலைத் தோட்டத்து கேட்டில் நோட்டில் பெயர் எழுதி உள்ளே போனோம். அங்கேயிருந்து மேலே பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். ஜீப்புக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதிலிருந்து பாதை எந்த லட்சணம் என்று ஊகித்துக்கொள்ளலாம். பாதை என்று சொல்வதே உபசாரம். பாறாங்கல் கிடக்கும், அந்தக் கல்லுக்கு நடுவே இன்னொரு கல் கிடக்கும். இடதுபக்கம் தேயிலை, வலதுபக்கம் ஒன்றும் கிடையாது. அந்த ஒன்றும் கிடையாததன் அடியில் எங்கேயோ நம் ஊர் இருக்கிறது. முதல் மேட்டிலேயே அவன் சின்ன லிவரை இழுத்து ஃபோர் வீல் போட்டான். வண்டி உறுமியது, குதித்தது, ஏறியது.

"பாத்தியா மாப்ள? இதான் ஃபோர் வீலு. நாலு சக்கரமும் கல்லக் கவ்வுது பாரு. டூ வீல்ல இங்க ஒரு பய ஏற முடியாது."

நான் கவ்வுவதைப் பார்க்கவில்லை, கைப்பிடியைக் கவ்விக்கொண்டிருந்தேன். இப்படியே கல்லும் குழியுமாகக் கொஞ்ச தூரம், ஃபோர் வீலின் மகிமையைப் பேசிக்கொண்டே ஏறினோம். பின்னால் அரிசி மூட்டை, முட்டைக்கோஸ், காஸ் சிலிண்டர், அதன்மேல் ஆட்கள் சகிதம் பெரியவர் வந்து சேர்ந்தார். ஹாரன் அடித்து நிறுத்தச் சொன்னார். இறங்கி வந்து எங்கள் முன்சக்கரத்து நடுவில் கையை வைத்து, எதையோ பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏன் தம்பி, ஹப்ப லாக் பண்ணலையே?"

விஷயம் தெரியாதவர்களுக்கு: இந்த மாதிரி ஹப் வைத்த ஜீப்பில் உள்ளேயிருக்கும் லிவரை இழுத்தால் மட்டும் போதாது. இறங்கி, முன்சக்கரம் ரெண்டின் நடுவிலும் இருக்கிற குமிழைத் திருகிவிட வேண்டும். திருகாவிட்டால் முன்பக்கம் உள்ளே ராட்டினமாகச் சுற்றும், சக்கரத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. அதாவது ஒரு பயலும் ஏற முடியாது என்று அவன் சொன்ன டூ வீலில்தான் அதுவரை ஏறியிருந்தோம். அவன் சொல்கிற கதையில் இந்த இடத்தில் மண் சரியும்.

ஹப்பைத் திருகிக்கொண்டு புறப்பட்ட வண்டி நிஜமாகவே நன்றாக ஏறியது. அதனால்தான் வினை. ஃபோர் வீல் கிடைத்தவுடன் அவன் பெரியவர் போன தடத்தை விட்டு, ஓரமாக இன்னொரு தடம் இருக்கிறது, அதை "எக்ஸ்ப்ளோர்" செய்வோம் என்று திருப்பினான். அது தண்ணீர் ஓடி ஓடி உண்டான வாய்க்கால். பத்து இருபது அடியில் முன்பக்கம் வலது சக்கரமும் பின்பக்கம் இடது சக்கரமும் குழிக்குமேல் அந்தரத்தில் தொங்க, வண்டி நின்றுவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் தொங்குகிற சக்கரங்கள் ரெண்டும் விசையாகச் சுற்றின. தரையில் ஊன்றிய ரெண்டும் அசையவே இல்லை.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று விற்கிறார்களே, அதில் உள்ள ரகசியம் இது. இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள கிரவுன் பெட்டி, வளைவில் வெளிச்சக்கரம் வேகமாகவும் உள்சக்கரம் மெதுவாகவும் உருள வசதி செய்து கொடுக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு சக்கரம் காற்றில் நின்றால், எது சுலபமாகச் சுற்றுகிறதோ அதற்கே சுழற்சி முழுவதையும் விட்டுக்கொடுத்துவிடும். எதிர்ப்பே இல்லாத சக்கரம் உல்லாசமாகச் சுற்ற, உழைக்க வேண்டிய சக்கரத்துக்குப் போகும் இழுவையும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மூலைக்கு மூலை தொங்கினால் ஃபோர் வீல், ஜீரோ வீல். இதைத் தடுக்க டிஃபரன்ஷியல் லாக் என்று ஒன்று உண்டு. அவன் நகைப் பட்டியலில் அது மட்டும் இல்லை. வெளியே தெரியாத சாமானுக்கு அவன் காசு செலவழிப்பதில்லை.

"கவலப்படாத மாப்ள, வின்ச் எதுக்கு இருக்கு?"

ஆசையாக இரும்புக்கயிற்றை இழுத்துக்கொண்டு இறங்கினான். கட்ட வேண்டுமே, எதில்? கயிறு எட்டும் தூரத்தில் மரம் ஒன்றும் இல்லை. மலை முழுக்க இடுப்பளவு தேயிலை. கொக்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு தேயிலைச் செடி முன்னால் வெகுநேரம் நின்றான். செடி அவனைப் பார்த்தது. அவன் செடியைப் பார்த்தான்.

அதற்குள் எங்களைக் காணோமே என்று பெரியவர் மேலேயிருந்து திரும்பி நடந்து வந்தார். கூடவே கொழுந்து பறிக்கிற பெண்கள் சிலர். வெற்றிலையைத் துப்பிவிட்டு, தொங்குகிற பின்சக்கரத்துக்குக் கீழே கல்லை அடுக்கினார். பெண்களிடம், "தாயி, அந்த மூலையில ஏறி நில்லுங்க" என்றார். அவர்கள் சிரித்துக்கொண்டே பின் பம்பரில் ஏறி நின்றதும் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து, சக்கரம் கல்லில் உட்கார்ந்தது. "மிதிக்காதீங்க, கிளட்ச்ச மெதுவா விடுங்க, அதுவா வரும்." அதுவாக வந்தது. எங்களுக்கு டிஃபரன்ஷியல் லாக் அந்தப் பெண்கள்தான். இறங்கும்போது ஒருத்தி வின்ச்சைக் காட்டி, "இது எதுக்கு சார்?" என்று கேட்டாள். அவன் முதல் தடவையாகச் சுருக்கமாகப் பேசினான். "சும்மா."

மேலே போய்ச் சேர்ந்தோம். கொழுக்குமலையிலிருந்து சூரிய உதயம் பார்த்தால் காலடியில் மேகம் கடலாக விரிந்து கிடக்கும், அதற்கு மேலே சூரியன் எழும் என்பார்கள். உண்மைதான், இன்னொரு சமயம் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நாங்கள் போனபோது அந்தக் கடல் கொஞ்சம் மேலே ஏறி எங்களையும் மூழ்கடித்திருந்தது. அவன் சுருள் தீரும்வரை படமெடுத்தான். கழுவிப் பார்த்தால் அத்தனையும் வெள்ளை. ஒன்றில் மட்டும் என் காது தெரிகிறது. "இதுல இந்தப் பக்கம்தான் மீசப்புலிமல" என்று இன்னமும் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறான்.

தொழிற்சாலைக்குள் பழைய இயந்திரங்கள் பல்லாண்டு எண்ணெய் குடித்துக் கறுத்து நின்றன. அங்கே இன்னமும் இலையை வாடவைத்து, முறுக்கி, புளிக்கவைத்து, உலர்த்துகிற பழைய முறை. குருணையாக அரைத்துத் தள்ளுகிற கதை இல்லை. அதனால் டீயில் நிறம் கம்மி, மணம் ஜாஸ்தி. பால் ஊற்றினால் மணம் போய்விடும் என்று அங்கேயிருந்தவர் எச்சரித்தார். சிநேகிதன் ரெண்டு ஸ்பூன் சர்க்கரையும் பாலும் கேட்டு வாங்கினான்.

இறக்கம்தான் நிஜமான சோதனை. பெரியவர் ஜன்னலில் கைவைத்து ஒரே பாடம் சொன்னார்: லோ ரேஞ்சில் முதல் கியர், கால் பிரேக் பக்கமே போகக் கூடாது, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு கல்லில் வழுக்கும். அவன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ரெண்டு காலையும் சீட்டின்மேல் மடக்கி வைக்காத குறையாக இறங்கினான். கொழுந்து மூட்டை சுமந்த ஒரு பாட்டி எங்களை முந்திப் போனாள். போகும்போது, "வண்டி ரிப்பேராப்பா?" என்று விசாரித்தாள்.

ஊர் திரும்பியதும் அந்த ஜீப்புக்கு வயிற்றுப்பாடு அதிகமாகிவிட்டது. வீட்டில் பேச்சு வளர்ந்தது. கடைசியில் போடியில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஒருவருக்கு விற்றான். அவர் ஸ்பானரோடு வந்தார். விளக்கு வரிசையைக் கழற்றினார், குழாயைக் கழற்றினார், ஜாக்கியை எடுத்து வெளியே வைத்தார். வின்ச்சுக்கு வந்ததும் சிநேகிதன் பதறிவிட்டான்.

"அண்ணே, அது இருக்கட்டும். வண்டிக்கே அதான் உசுரு."

"அந்த வெயிட்டுக்கு ரெண்டு ஆளு ஏத்தலாம் தம்பி."

பார்னி ரூஸ் கேட்டிருந்தால் கையைக் கொடுத்திருப்பார். வின்ச் இப்போது கண்டமனூர்ப் பக்கம் சிநேகிதனின் மாமனார் தோட்டத்தில், டிராக்டர் பேட்டரியில் கட்டி, கிணற்றிலிருந்து மோட்டார் தூக்க உதவுகிறது. நன்றாகவே தூக்குகிறது. அங்கே மரம் இருக்கிறது.